புறாத்தீவில் வெளிறிய முருகை

பவளம் என்றால் நம் மனத்திலே செம்மை தோன்றும். முருகைக்கல் என்றால் வெண்மை தோன்றும். இரண்டும் கடலுயிர்கள் கட்டிய கல்லே. ஆயினும், மாலையிலே கோத்து அணியும் செம்பவளம் மத்தியதரைக் கடலிலே வளர்வது. அதன் செம்மை கல்லிலேயே ஊறி நிற்பது. உயிர் போன பின்னும், நூறாண்டு கழிந்த பின்னும், பாட்டியின் நகைப்பெட்டியிலே அது சிவப்பாகவே கிடக்கும். நம் கரையோரத்து முருகையோ அத்தகையதன்று. அதன் நிறமெல்லாம் கல்லின் மேலே போர்த்திய மெல்லிய தசையிலே உள்ளது. தசை அழிந்தால் எஞ்சுவது வெறுங் கல்.

நெடுந்தீவுக்குப் போய் வந்தவர்கள் அங்கே வளவுக்கு வளவு அடுக்கிக் கட்டிய முருகைக்கல் வேலிகளைப் பார்த்திருப்பார்கள். யாழ்ப்பாணத்துக் கோட்டை மதிலிலும் அதைக் காணலாம். சூளையிலே வெந்து நீறாகி எத்தனையோ வீட்டுச் சுவர்களில் ஏறியதும் அதுவே. இவ்வாறு தலைமுறை தலைமுறையாக நாம் பழகி வந்தது முருகையின் எலும்போடு மாத்திரமே. அது உயிரோடிருக்கையில் என்ன நிறம் என்று கேட்டால் நம்மிற் பலர் விடை சொல்லத் தயங்குவோம்.

அந்த விடையைக் கண்ணாற் காண விரும்புவோர்க்கு இலங்கையிலே எளிதில் எட்டக்கூடிய இடங்களுள் ஒன்று, நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு. சென்ற ஆடி மாதத்திலே அங்கே போகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இலண்டனிலிருந்து என் தமக்கையின் மகன் தன் பத்து வயதுப் பையனோடு வந்திருந்தான். மருமகனுக்குத் தொழில் கணக்கு. விருப்பம் வேறு; வீட்டு விறாந்தையிலே கடல்நீர்த் தொட்டி ஒன்று வைத்து, அதிலே முருகைகளை வளர்ப்பது. தொட்டியிலே வளர்ப்பதைத் தாயகத்துக் கடலிலே காணவேண்டும் என்ற ஆவலோடு வந்தவனுக்கு வழித்துணையாக நான் சேர்ந்துகொண்டேன். துணைக்குப் போன இடத்திலே மாணவனாக இருந்து வந்தேன் என்பதே பொருத்தம்.

திருகோணமலைப் பட்டினத்தை விட்டு வடக்கே புறப்பட்டால் முதலில் உப்புவெளி வரும். அங்கே இரண்டாம் உலகப் போரில் மாண்ட வீரர்களின் மயானம் பச்சைப் புற்றரையும் வெண்கல்லுமாக அமைதியாய்க் கிடக்கிறது. பிறகு நிலாவெளி. பட்டினத்திலிருந்து பதினைந்து கிலோமீற்றர் அளவுதான். வலப்புறம் பனைகளுக்கும் தென்னைகளுக்கும் இடையே கடல் விட்டு விட்டுத் தெரியும். ஆடியிலே கீழ்கரைக் கடல் குளம்போற் கிடக்கும். தென்மேற்கிலே அலை குமுறும் அதே நாட்களில் இங்கே குழந்தையும் இறங்கிக் குளிக்கலாம். ஐப்பசி கார்த்திகையில் வாடைக் காற்றுத் தொடங்கினாலோ கதை வேறு. ஆகவே வைகாசி முதல் புரட்டாதி வரையுள்ள மாதங்களே புறாத்தீவுக்குப் போகத் தக்கவை.

கரையிலே வனசீவராசிகள் திணைக்களத்தின் பற்றுச்சீட்டுக் கூடம் உண்டு. சீட்டுப் பெற்றுப் படகேறினால் ஒரு கிலோமீற்றர் தூரத்தைச் சில நிமிடங்களிற் கடந்துவிடலாம். தீவு ஒன்றன்று, இரண்டு; பெரியதும் சிறியதும். மாடப்புறாக்கள் பாறை இடுக்குகளிலே கூடு கட்டுவதால் இப்பெயர். ஊரார் புறாமலை என்றும் சொல்வர். ஆங்கிலேயர் காலத்திலே இத்தீவைச் சுடுபயிற்சிக்கு இலக்காக வைத்திருந்தார்கள் என்பது வேடிக்கையான செய்தி. புறாக்கள் அதற்கும் அஞ்சிப் போய்விடவில்லை போலும். 1963 இல் சரணாலயமாகவும், 2003 இல் தேசியப் பூங்காவாகவும் இது பிரகடனஞ் செய்யப்பட்டது.

பெரிய தீவிலே இறங்கியதும் காலிலே முதலில் தட்டுப்படுவது மணலன்று. உடைந்த முருகைத் துண்டுகள். விரல் போல்வன, எலும்புக் கணு போல்வன, காளான் போல்வன, தேன்கூடு போல்வன, எல்லாம் வெள்ளை. நடக்கையிலே ஓட்டுச்சல்லி மிதிப்பது போல ஓசை எழும். அவற்றுள் ஒன்றையேனும் எடுத்துச் சட்டைப்பையிலே போடக்கூடாது. அது சட்டப்படி குற்றம். ஆனால் குனிந்து பார்ப்பதற்குத் தடையில்லை. மருமகன் பார்க்கத்தான் செய்தான். குழலும் முகக்கண்ணாடியும் மாட்டிக் கடலில் இறங்குவதற்கு முன்னரே, மகனை அருகிலே இருத்தி, ஒவ்வொரு துண்டாகக் காட்டிப் பெயர் சொல்லத் தொடங்கினான்.

“நிறமே இல்லாமல் எப்படித் தம்பி இனம் பிரிக்கிறாய்?” என்று கேட்டேன்.

“நிறத்தை வைச்சு இனம் பிரிக்கிறதுதான் மாமா கரைச்சல். ஒரே இனம் ஓரிடத்திலை பச்சை, இன்னோரிடத்திலை மண்ணிறம், வேறோரிடத்திலை ஊதா. கல்லு பொய் சொல்லாது” என்றான்.

அவன் காட்டிய குறிகளை மாணவர்களுக்குப் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன். முருகை என்பது ஓருயிர் அன்று. பல்லாயிரம் சிற்றுயிர்கள் ஒட்டி வாழும் குடியிருப்பு. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கிண்ணத்தைக் கல்சியம் காபனேற்றினாற் கட்டிக்கொள்ளும். அந்தக் கிண்ணத்தின் வடிவமும் அடுக்குமே இனத்தின் கையொப்பம். கிளையின் நுனியிலே ஒரேயொரு பெரிய துவாரமும், பக்கங்களிலே சிறு குழாய்களும் இருந்தால் அது அக்குரோப்போரா. மான்கொம்பு முருகையும் மேசை முருகையும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. நுனித் துவாரம் இல்லாமல், கிளை முழுதும் பாலுண்ணி போன்ற முடிச்சுகள் இருந்தால் பொசிலோப்போரா. ஊசிமுனை அளவான குழிகள் நெருக்கமாக நிறைந்த உருண்டைப் பாறை போரைற்றிசு. வளைந்து வளைந்து செல்லும் வாய்க்கால்கள் இருந்தால் மூளை முருகை. குடியிருப்பாக அன்றித் தனியுயிராகவே, கவிழ்த்த காளானின் அடிப்புறம் போன்ற தகடுகளோடு கிடப்பது பங்கியா. கால்மணி நேரத்திலே சிறுவன் நான்கு இனங்களைப் பிழையின்றிச் சொல்லப் பழகிவிட்டான். அறுபது ஆண்டுகளாக முருகைக்கல் வேலியைப் பார்த்த கண்கள் எனக்கு உண்டு. அந்த வேலியிலே எத்தனை எழுத்து எழுதியிருந்தது என்பது அன்றுதான் தெரிந்தது.

பிறகு கடலில் இறங்கினோம். வண்ணப்படங்களைப் பார்த்துவிட்டு வருவோர் ஒன்றை அறிந்துகொள்ளல் வேண்டும். உயிருள்ள முருகைக் கற்பாரின் பெரும்பகுதி கபில நிறம். தேயிலைச் சாயம், வெல்லம், ஈரமான பனங்கிழங்குத் தோல், இவற்றின் நிறங்களே அங்கே மிகுதி. சிலருக்கு இது ஏமாற்றமாயிருக்கும். படத்திலே கண்டது போல் இல்லையே என்று எங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு குடும்பத்தினர் குறைபட்டுக்கொண்டனர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. கபிலப் பரப்பின் நடுவே ஒரு கிளையின் நுனி மாத்திரம் நீலமாகவும், ஒரு மேசையின் விளிம்பு மாத்திரம் இளஞ்சிவப்பாகவும் தெரியும்போது உண்டாகும் மகிழ்ச்சி, எங்கும் ஒரே வண்ணமயமாக இருந்தால் உண்டாகாது. வண்ணங்களை மீன்கள் தாராளமாகக் காட்டுகின்றன. கிளிமீன் கல்லைக் கடிக்கும் ஓசை தண்ணீருக்குள்ளே தெளிவாகக் கேட்கும். செட்டை நுனி கறுத்த சிறு சுறாக்கள் இரண்டு சற்றுத் தொலைவிலே போயின. அவை மனிதரைத் தேடி வருபவை அல்ல. ஆயினும் பையன் என் கையைப் பிடித்துக்கொண்டான். நானும் அவன் கையை விடவில்லை.

அந்தக் கபிலத்தின் இடையே, ஒரு பாய் அளவான மான்கொம்புத் திட்டு மாத்திரம் பால் கலந்த தண்ணீர் போல வெளிறிக் கிடந்தது. “இது செத்துப் போச்சு” என்று குறைபட்ட குடும்பத்துப் பெரியவர் தலையை உயர்த்திச் சொன்னார். மருமகன் மூச்சை அடக்கி இறங்கி, தொடாமல், முகத்தை ஒரு முழ தூரத்திலே வைத்துப் பார்த்தான். மேலே வந்து, “இல்லை ஐயா, இது சாகேல்லை. பசியிலை கிடக்குது” என்றான்.

வெண்மையிலும் வெண்மைகள் உண்டு. உயிர் போய்ச் சில நாட்களான முருகையின் மேலே பச்சை அல்லது பழுப்புப் பாசி தூசிபோற் படரத் தொடங்கும். கிண்ணங்களின் ஓரங்கள் கூர்மையாக வெறித்துத் தெரியும். முள்முடி நட்சத்திரமீன் மேய்ந்த முருகையிலே வெண்மை ஓரிடத்திலே தொடங்கி ஓரிடத்திலே வெட்டினாற்போல முடியும். எல்லைக்கு அப்பால் நல்ல நிறம் இருக்கும். மூன்றாவது வகை வெளிறல். அதிலே வெண்மை திட்டு முழுவதும் பரவியிருக்கும். வெயில் நேரே படும் மேற்புறத்திலே மிகுதி, நிழலான அடிப்புறத்திலே குறைவு. உற்றுப் பார்த்தால் கல்லின் மேலே கண்ணாடிக் காகிதம் போல ஒரு மெல்லிய தசை மினுங்கும். கிண்ணங்களுக்குள்ளே நுண்ணிய கைகள் ஒடுங்கியிருக்கும். அத்தசை இருக்கும்வரை உயிர் இருக்கிறது. நாங்கள் கண்டது இம்மூன்றாவது வகை.

மதியமானதும் கரையேறி மர நிழலிலே இருந்தோம். இடியப்பப் பொதியை அவிழ்த்தபடியே, நிறம் எங்கே போயிற்று என்று விசாரிக்கத் தொடங்கினேன். அவன் சொன்னதன் சாரம் இது. முருகையின் தசைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத அல்காக்கள் குடியிருக்கின்றன. ஒரு சதுர சென்ரிமீற்றர் பரப்பிலே பத்து இலட்சத்துக்கும் மேல். கபில நிறம் அவற்றினுடையது. அவை சூரிய ஒளியிலே உணவு தொகுத்து, அதிற் பெரும்பங்கை வீட்டுக்காரனுக்குக் கொடுக்கின்றன. முருகைக்கு வேண்டிய சக்தியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வரை இவ்வழியாகவே வரக்கூடும். வீட்டுக்காரன் இருக்க இடமும், தன் கழிவிலிருந்து நைதரசனும் பொசுபரசும், மூச்சிலிருந்து காபனீரொட்சைட்டும் கொடுக்கிறான். நம் ஊர்க் குத்தகைக்காரனும் காணிக்காரனும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இவ்வுறவு வெப்பத்திலே முறிகிறது. ஓரிடத்துக் கடலின் வழக்கமான உச்சக் கோடை வெப்பநிலையிலும் ஒரு பாகை செல்சியசு மேலாக நான்கு கிழமைகள் தொடர்ந்து நின்றாற் போதும். கடும் வெயிலும் சூடும் சேரும்போது அல்காவின் ஒளித்தொகுப்புப் பொறி பழுதாகி, நன்மை செய்த ஒட்சிசனே நச்சு வடிவிலே வெளிப்படத் தொடங்குகிறது. முருகை வேறு வழியின்றிக் குடியிருந்தவரை வெளியே தள்ளுகிறது. கபிலம் போனதும் தசை கண்ணாடியாகி, அடியிலுள்ள வெண்கல் தெரிகிறது. வெளிறல் என்பது அவ்வளவே. அன்றே சாவு வருவதில்லை. ஆனால் அன்று முதல் அடுப்பிலே பூனை உறங்குகிறது. இரவிலே கைநீட்டிப் பிடிக்கும் நுண்ணுயிர்கள் மாத்திரமே அதற்கு உணவு. சில கிழமைகளில் கடல் குளிர்ந்தால் எஞ்சிய அல்காக்கள் பெருகி நிறம் மீளும். குளிராவிட்டால் பட்டினி கொன்றுவிடும்.

“உனது தொட்டியில் இப்படி நடந்ததுண்டா?” என்றேன். அப்பொழுதுதான் அவன் தன் கதையைச் சொன்னான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், பண்ணையிலே வளர்த்த அக்குரோப்போராத் துண்டு ஒன்றை அவன் வாங்கினான். பெருவிரல் அளவு; நுனியிலே நல்ல நீலம். இரண்டு மாதத்திலே நீலமும் போயிற்று, கபிலமும் போயிற்று, சுண்ணக்கட்டி போல ஆயிற்று. எறிந்துவிடும்படி நண்பர்கள் சொன்னார்கள். கடைகளில் நிறந்தரும் மருந்து என்று புட்டி புட்டியாக விற்கிறார்கள். அவற்றையெல்லாம் வாங்கி ஊற்றுவோரும் உளர். அவன் ஊற்றவில்லை. ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு இரவிலே விளக்கணைத்துச் சிறு கைவிளக்கினாற் பார்த்தான். கிண்ணங்களிலிருந்து கைகள் வெளியே நீண்டிருந்தன. உயிர் இருக்கிறது என்பது உறுதியாயிற்று.

அடுத்து, என்ன மாறியது என்று குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினான். வெப்பநிலை மாறவில்லை, 26 பாகையிலேயே நின்றது. உப்பும் ஆயிரத்துக்கு 35 பங்கு, சரியாகவே இருந்தது. ஆனால் துண்டு வாங்கிய மாதத்திலேதான் பழைய விளக்கைக் கழற்றிவிட்டு, மும்மடங்கு பிரகாசமான புது எல்.ஈ.டி. விளக்கு மாட்டியிருந்தான். அதுமாத்திரமன்று. தண்ணீர் மிகத் தூய்மையாக இருக்கவேண்டும் என்ற ஆசையிலே, பொசுபேற்றை உறிஞ்சும் சரக்கொன்றையும் வடியிலே போட்டு வைத்திருந்தான். சோதித்துப் பார்த்தால் நைத்திரேற்றும் இல்லை, பொசுபேற்றும் இல்லை. பயிருக்குப் பசளை ஒரு துளியும் இல்லாமல், உச்சி வெயிலிலே நிறுத்தி வைத்தது போன்ற நிலை. குளிர்ந்த தண்ணீரிலும் முருகை வெளிறும் என்பதற்கு அதுவே சான்று.

அவன் செய்த சிகிச்சையிலே மந்திரம் ஒன்றுமில்லை. விளக்கைப் பாதியாகக் குறைத்தான். உறிஞ்சும் சரக்கை எடுத்துவிட்டான். மீன்களுக்கு ஒருவேளைக்கு இருவேளை தீன் போட்டான். மீன் தின்று கழிப்பது அல்காவுக்குப் பசளை. இரவிலே நுண்ணிய இரையை முருகையின் மேலே சிறு குழாயினாற் பொழிந்தான். நைத்திரேற்றுப் பத்து இலட்சத்திலே ஐந்து பங்கு அளவுக்கு ஏறியதும் அங்கேயே நிறுத்தினான். முக்கியமான செய்தி, துண்டை இடம் மாற்றாமலும் தொடாமலும் விட்டது. ஒவ்வொரு கிழமையும் ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து ஒப்பிட்டான். நாள்தோறும் பார்த்தால் மாற்றம் தெரியாது என்றான். பிள்ளை வளர்வதும் அப்படித்தானே.

ஐந்தாம் கிழமையிலே அடிப்பாகம் மங்கலான கபிலமாயிற்று. மூன்றாம் மாதம் முடிய முழுத் துண்டும் கபிலம். நீலத்தைக் காணவில்லை. வீட்டிலே மனைவி, “இதுக்கோ இவ்வளவு பாடுபட்டீங்கள்?” என்று கேட்டாளாம். ஆனால் அவனுக்கு அந்தக் கபிலமே பெரிய மகிழ்ச்சி. கபிலம் குடியிருப்பவரின் நிறம். நீலமோ வீட்டுக்காரனின் சொந்த நிறம். முருகை தானே ஆக்கும் ஒரு புரதம். வெயில் மிகும்போது தன்னையும் தன் குடிகளையும் காக்க அது விரிக்கும் குடை என்று சொல்லலாம். பட்டினி கிடப்பவன் குடை வாங்கமாட்டான். இருட்டிலே இருப்பவனுக்கும் குடை வேண்டியதில்லை. ஆகவே முதலில் உணவு, பின்னர் ஒளி. கிழமைக்குச் சிறிது சிறிதாக விளக்கை ஏற்றிக்கொண்டு வந்தான். ஏழாம் மாதத்திலே புதிதாக வளர்ந்த நுனிகளிலே நீலம் தெரிந்தது. அவன் கைத்தொலைபேசியிலே அந்தப் படங்களை வரிசையாகப் பார்த்தேன். ஒரு நோயாளியின் முகத்திலே இரத்தம் ஊறுவதைப் பார்ப்பது போலவே இருந்தது.

இந்தக் குடை பற்றிய ஆராய்ச்சியிலே இங்கிலாந்தின் சௌதாம்டன் பல்கலைக்கழக முருகை ஆய்வுகூடம் பெயர் பெற்றது. வெளிறும் முருகைகள் சில வேளைகளில் வெள்ளையாகாமல் திடீரெனப் பளிச்சிடும் ஊதாவாகவும் மஞ்சளாகவும் மாறுவதை அறிஞர் முன்னரே கண்டிருந்தனர். அது ஏன் என்பதை 2020 இல் அந்த ஆய்வுகூடத்தார் விளக்கினர். அல்காக்கள் குறைந்ததும் தசைக்குள்ளே வெளிச்சம் மிகுகிறது. அதைத் தணிக்க முருகை தன் நிறப் புரதங்களைப் பெருக்குகிறது. நிழல் உண்டானதும் போன குடிகள் திரும்பிவர ஏதுவாகிறது. நோய் கடுமையாக இல்லாதபோதே இது நிகழும். கடுமையான சூட்டிலே அதற்கும் வலுவிருக்காது, வெள்ளையே மிஞ்சும். கடலிலே கண்ணைப் பறிக்கும் நிறம் கண்டால் அதுவும் சுகத்தின் அடையாளமாக இருக்கவேண்டியதில்லை என்பதை எண்ணும்போது, கபிலத்தின் மேலே எனக்கிருந்த மதிப்பு இன்னும் உயர்ந்தது.

தொட்டியிலே விளக்கைக் குறைக்க ஒரு திருகு உண்டு. வங்காள விரிகுடாவுக்குத் திருகு ஏது? 1998 இலே எல் நினோவின் விளைவாக இந்துசமுத்திரம் சூடேறியபோது, உலகத்து முருகைக் கற்பார்களில் நூற்றுக்குப் பதினாறு பங்கு அழிந்ததாகக் கணக்கிட்டனர். இலங்கையிலே இக்கடுவை, கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பெருங்கற்பார் முதலிய இடங்களில் ஆழங்குறைந்த நீரிலே இருந்த முருகைகள் ஏறக்குறைய முற்றாக மாண்டன. கண்ணாடியடிப் படகிலே இக்கடுவைக்கு உல்லாசம் போனவர்கள் அதற்கு முன்னும் பின்னும் கண்டவற்றைச் சொல்லக் கேட்டிருக்கிறேன்; இரண்டும் ஒரே இடமென்று நம்ப முடியாது. திருகோணமலைப் பக்கம் அந்த முறை பெரிதும் தப்பியது. பின்னர் 2016 இலும் இலங்கைக் கடலிலே வெளிறல் பரவியது. 2024 சித்திரையிலே, உலகளாவிய நான்காவது வெளிறல் நடைபெறுகிறது என்று விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். முதலாவது 1998, இரண்டாவது 2010, மூன்றாவது 2014 முதல் 2017 வரை. இடைவெளியைக் கவனியுங்கள். மான்கொம்பு முருகை ஆண்டுக்குப் பத்துச் சென்ரிமீற்றருக்கு மேலும் வளரும். ஐந்தாறு ஆண்டு கிடைத்தால் இழந்த இடத்தைப் பிடித்துவிடும். உருண்டைப் போரைற்றிசோ ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவே வளர்வது. ஒரு ஆள் உயரப் பாறை, நம் பாட்டனாரின் பாட்டனார் காலத்தது.

கடலைக் குளிரச் செய்ய ஒரு குடும்பத்தாலோ ஓர் ஊராலோ இயலாது. ஆனால் வெளிறிக் கிடப்பதற்கு மேலும் இடர் செய்யாதிருக்க இயலும். அன்றைக்கு நான் கண்ட கணக்கிலே, முருகையின் மேலே காலூன்றி நின்று படம் பிடித்தவர்கள் எழுவர். எங்கள் படகோட்டி கரையிலிருந்தே, “காலை ஊண்டாதேங்கோ! கல்லிலை ஏறாதேங்கோ!” என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிக் கூவியும் பலர் கேட்கவில்லை. பட்டினி கிடக்கும் உயிரின் மேல் மிதிப்பது எவ்வளவு கொடுமை என்று அவர்களுக்குத் தெரிந்தால் மிதிக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். நுழைவுச் சீட்டுக் கொடுக்கும் இடத்திலே, வெளிறிய முருகையின் படமொன்றைப் பெரிதாகத் தொங்கவிட்டு, “இது உயிரோடிருக்கிறது” என்று மும்மொழியிலும் எழுதினால் எவ்வளவு நன்றாயிருக்கும்.

புறப்படும் நேரத்திலே பையன் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று தகப்பனைக் கூப்பிட்டான். மணலிலே உருண்டு கிடந்த உடைந்த கிளையொன்றை அவன் கண்டிருந்தான். ஒரு சாண் நீளமும் இராது. நுனியிலே ஒற்றைத் துவாரம். அக்குரோப்போரா என்று அவனே சொல்லிவிட்டான். வெளிறியிருந்தது. அடியிலே மாத்திரம் சற்று மங்கல் நிறம்.

“அப்பா, இது சாகேல்லைத்தானே? எங்கட தொட்டியிலை விட்டா சுகம் வரும். நீங்கள் மற்றதைச் சுகப்படுத்தினீங்கள்.”

மருமகன் உடனே விடை சொல்லவில்லை. அவன் கண்கள் அந்தக் கிளையிலே பதிந்திருந்ததைப் பார்த்தேன். அந்தத் தொட்டியிலே வெப்பநிலை ஒருநாளும் 26 பாகையைத் தாண்டாது, விளக்குக்குத் திருகு உண்டு, காலூன்றுவார் எவருமில்லை. கடலிலே அதற்கு உத்தரவாதம் ஒன்றும் இல்லை. பிள்ளையின் நியாயத்திலே பிழை கண்டுபிடிப்பது எளிதன்று.

“எடுக்கக் கூடாது, ராசா. இந்த நாட்டுச் சட்டமும் விடாது, எல்லை கடத்த உலகச் சட்டமும் விடாது” என்றான் கடைசியாக. “சட்டம் விட்டாலும், இலண்டன் போய்ச் சேருமுன்னம் செத்துப் போகும். என்ரை துண்டு தொட்டிக்கெண்டே பண்ணையிலை வளர்ந்தது. இது இஞ்சத்தைப் பிள்ளை.”

பையனின் கண் கலங்கியது. “அப்ப இதை ஆர் பாக்கிறது?”

படகோட்டி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றவர். தண்ணீரில் இறங்கினார். கிளையைத் தண்ணீருக்கு மேலே தூக்காமலே, தசை படாத உடைந்த நுனியாற் பிடித்து நகர்த்தி, இடுப்பளவு ஆழத்திலே இரண்டு கற்களுக்கிடையே பொருத்தினார். “உருளாமல் கிடந்தாத் தம்பி, தானாய் ஒட்டிப் பிடிக்கும். அலைக்கு உருண்டால்தான் தேய்ஞ்சு சாகும். பக்கத்திலை பெரிய கல்லு நிக்குது, பின்னேர வெயில் மறைக்கும்” என்றார். ஆய்வுகூடம் எதையும் கண்டறியாத அந்த மனிதர், விளக்கைக் குறைப்பதற்குக் கடலிலே உள்ள வழியைச் செய்து காட்டிவிட்டார். மருமகன் அவரைப் பார்த்த பார்வையிலே மரியாதை இருந்தது.

திரும்பும் படகிலே பையன் அவரிடம், புரட்டாதியில் அந்தக் கிளையைப் பார்த்துப் படம் அனுப்புவீர்களா என்று கேட்டான். அவர் தலையசைத்துத் தம் தொலைபேசி இலக்கத்தைச் சொன்னார். புரட்டாதி இருபதாந் தேதியளவிலே படம் வந்ததாக இலண்டனிலிருந்து எனக்குச் செய்தி கிடைத்தது. தண்ணீர் சற்றுக் கலங்கல். கிளை வைத்த இடத்திலேயே நிற்கிறது. அடிப்பாகத்திலே கபிலம் இரண்டு விரல் அளவு ஏறியிருப்பதாக மகன் சொல்கிறான். அது கல்லின் நிழல்தான் என்று தகப்பன் சொல்கிறான். வாடைக் காற்றுத் தொடங்கிவிட்டது. இனி வைகாசி வரை அங்கே படகு போகாது.